குப்புறப் போட்ட அடிக்கல்

எங்கள் லயத்துப் பீலியடியில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், என் மனைவி துணி துவைக்கிற கல் நல்ல பலமானது, விலை கூடியது. புரட்டிப் பார்த்தால் அடியில் பொன்னிற எழுத்துகள் இருக்கும். நாட்டை ஆள ஆசைப்பட்ட ஒரு பெரிய மனிதரின் பெயரும், புதிய வீடமைப்புத் திட்டம் என்ற சொற்களும் மூன்று மொழிகளில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல் வந்தது. வீடு வரவில்லை.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்படி நின்று கேட்ட தேர்தல் பேச்சுகளை நினைத்தால், அந்த நேரத்துக்கு விறகாவது பொறுக்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு காம்பரா, அறைக்கு ஒன்றாக ஆறு குடும்பங்கள். லயத்துக்குப் பின்னால் மேடு. அரநாயக்கவில் மலை இறங்கி ஊரை மூடிய அந்த மழையில் எங்கள் மேட்டிலும் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் கை நுழையும் அளவு இருந்தது. இப்போது ஆட்டுக்குட்டி விழுந்தால் எடுக்க முடியாது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கடும் மழை பெய்தால் இங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மழைக்கு முன்னால் ஜீப்பில் ஏறிப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று சொல்லவில்லை. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராதான் தோட்டத்தில் பலமான கட்டடம். அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழை பலத்தால் ஓடையைக் கடக்க முடியாது. ஆகவே லயத்திலேயே உட்கார்ந்து, மேட்டில் கல் உருளும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்போம். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஓட வேண்டி வந்தால் அவளால் ஓட முடியாது. அதை அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு சமதரை உண்டு. முன்பு இறப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட புகைக்கூடு அங்கே இடிந்து கிடக்கிறது. கீழே பாறை, பக்கத்தில் மேடு கிடையாது. அங்கே ஒரு வீடு எழும்பினால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். இது எங்களுக்குத் தெரியும், தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியும், தோட்டக் கமிட்டித் தலைவருக்குத் தெரியும். ஜனாதிபதியாக வர நினைக்கும் ஒவ்வொருவருடைய ஆட்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அங்கே வந்து கல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். பிரதேச சபைக்கு நிற்கிறவன் ஓடைக்குப் பாலம் போடுவதாகப் பொய் சொல்வான். அந்தப் பொய் எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். ஜனாதிபதிக்கு நிற்கிறவர்களுக்குச் சின்னப் பொய் பிடிக்காது. நாட்டையே தூக்கி நிறுத்தப்போவதாகச் சொல்வார்கள். நாட்டுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்து இந்த நாட்டுக்கு எத்தனையோ கடைசி வாய்ப்புகள் வந்து போய்விட்டன. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பஸாரில் வரிசையில் நின்று காய்ந்த வருஷத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கடைசி வாய்ப்புக்கு வாக்குப் போட்டவர்கள்தான். நானும் போட்டவன்தான். விரலில் பூசிய மை நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகும் வரைக்கும்கூட அவர்கள் சொன்ன சொல் நிற்பதில்லை.

வேட்பாளர் எங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை. இரத்தினபுரியில் மேடை ஏறிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடுவார். எங்களுக்கு அவருடைய ஆள் ஒருவர் வருவார். எந்தக் கட்சிக்காரரானாலும் அவரை மஹத்தயா என்போம், சிங்களத்தில் ஐயா. மஹத்தயாவோடு ஒரு மொழிபெயர்ப்பாளரும் வருவார். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சிங்களம் பேசத் தெரியாதவன் கிடையாது. கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களம்தான். எங்கள் பிள்ளைகள் சண்டை போடுவதே பாதி சிங்களத்தில்தான். இருந்தாலும் எங்களுக்கு விளங்காது என்று முடிவு செய்து, எங்கிருந்தோ ஒருவரை வேட்டி கட்டிக் கூட்டி வருவார்கள்.

இரண்டாவது கல் வைத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். வீடு கிடைக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். மஹத்தயா கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "பலமு, பலமு" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் மைக்கைப் பிடித்து, "ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கட்டாயம் தருவதாக ஐயா வாக்களிக்கிறார்" என்றார்.

பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "அவரு பாப்போம்னுதாங்க சொன்னாரு. வீடு நீங்களா கட்டித் தரப்போறீங்க?"

கூட்டம் சிரித்தது. மஹத்தயாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை; அவரும் சிரித்துக் கையசைத்தார். மறுநாள் பத்திரிகையில் அந்தச் சிரிப்புதான் படமாக வந்தது.

கல் வைப்பதற்குக் குழி வெட்டுவது எப்போதும் நான்தான். மேடையில் மாலை போடக் கூப்பிட்டால் நான் காட்டுக்குள் இறங்கிவிடுவேன் என்று கமிட்டித் தலைவருக்குத் தெரியும். அதனால் எனக்கு மண் வெட்டும் மம்பட்டியும் கல் பெயர்க்கும் அலவாங்கும். முதல் கல்லுக்கு ஆசையோடு வெட்டினேன். அவர் வென்றார். புல் வளர்ந்தது. இரண்டாவது கல் வேறு கட்சியினுடையது. பழைய கல்லை மஹத்தயாவின் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். நான் சுமந்து வந்து பீலியடியில் குப்புறப் போட்டேன். அதற்குப் பிறகு வந்த தேர்தலில் இரண்டாவது கல்லையும் எடுக்கச் சொன்னார்கள். அது பக்கத்து வீட்டுக்காரரின் கோழிக்கூட்டுக்கு அடியில் போனது. கட்சிகள் மாறின, கல் மாறியது. தலைவர் மட்டும் மாறவில்லை. சட்டையின் நிறத்தை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவரே முன்னால் நின்றார்.

மூன்றாவது கல்லுக்கு அவர் எங்கள் காம்பராவுக்கே வந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம பெரிய ஆளு ஒருத்தர் வர்றாரு. காலையிலேயே குழிய வெட்டிரு. இந்த தடவ நம்ம ஆளு கட்டாயம் ஜனாதிபதி."

"போன தடவையும் நம்ம ஆளுன்னுதானே சொன்னீங்க அண்ணே?" என்றாள் என் மனைவி.

"அது போன தடவ தங்கச்சி. அவன் கள்ளன்."

"அவன் கள்ளன்னு மேடையில மால போடுறப்ப தெரியலீங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒன் பொண்டாட்டிக்கு வாய் கூடிப்போச்சு," என்றார்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்கு வாயே இல்லீங்களே. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தானே பேசணும்," என்றாள்.

அவர் போன பிறகு அவள் அடுப்பை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எப்படியும் குழி வெட்டப் போறீங்க. கல்லு அளவுக்கு ஏன் வெட்டுறீங்க? வீட்டு அளவுக்கு வெட்டிருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பருவ மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மேட்டு வெடிப்பின் ஓரத்தில் அந்த வாரம் ஒரு மரம் சாய்ந்திருந்தது. சமதரையில் மம்பட்டி போடத் துரை எங்களை விட்டதே இல்லை. தோட்டத்துக் காணி, தொடக்கூடாது. தேர்தலுக்கு ஒரு நாள் மட்டும் தொடலாம்.

ஞாயிறு விடியற்காலையில் அலவாங்கோடு போனேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். நான் வீட்டு அளவுக்குக் கயிறு கட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் மம்பட்டி எடுத்து வந்தார். பிறகு லயத்து ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். பெண்கள் மண்ணைக் கூடையில் அள்ளினார்கள். பந்தல் போடுகிறவர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு காம்பராவுக்கும் ஒரு விறாந்தைக்கும் அத்திவாரக் கான், நீள நீளமான குழிகள், வெட்டி முடிந்திருந்தது.

தலைவர் வந்து பார்த்தார். "என்னடா தம்பி இது? மூடுங்க, மூடுங்க." அதற்குள் வாகனங்கள் வந்துவிட்டன.

மஹத்தயா கானைத் தாண்ட முடியாமல் நின்று, இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். தலைவரைப் போன்ற ஆட்களுக்கு ஒரு திறமை உண்டு. பொய் யோசித்து வராது, மூச்சு மாதிரி தானாக வரும். "சேர், உங்கள் திட்டத்தில் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது," என்றார். மஹத்தயாவுக்கே தெரியாத திட்டம். அவர் முகம் மலர்ந்தது. கமராக்காரர்களைக் கூப்பிட்டார். கல் வைப்பதற்கு வந்திருந்த துரையையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திக் கானுக்கு முன்னால் படம் எடுத்தார்கள். தேங்காய் உடைத்து, மூலையில் கல்லை வைத்தார்கள். வீட்டுக் கூரை எந்த நிறம் என்பது வரை மொழிபெயர்ப்பாளர் வாக்குக் கொடுத்தார். இந்த மஹத்தயாவும் பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

அந்த வேட்பாளர் தோற்றார்.

முடிவு வந்த அன்று பஸாரில் பட்டாசு. வென்றவரின் படத்தை ஆட்டோவில் கட்டிக்கொண்டு போனவர்களில் எங்கள் தலைவரும் இருந்தார். அந்த வார முடிவிலேயே புதுச் சட்டையோடு சமதரைக்கு வந்தார். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் கூட வந்தார்.

"தம்பி, கான மூடிருங்க. அது தோத்தவன் வெட்டுன கான்."

பெண்கள் கூடிவிட்டார்கள். "தோத்தவனா வெட்டுனான்? எங்க வீட்டு ஆம்பளைங்க வெட்டுனது," என்றாள் ஒருத்தி. "வேல தொடங்கிருச்சின்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே? நாங்க தொடங்கிட்டோம். நிப்பாட்டணும்னா தொரைய வந்து சொல்லச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி.

துரை வந்தார். கானின் ஓரத்தில் நின்று எல்லோரையும் பார்த்தார். அவர் எதற்கோ என்னைக் கூப்பிட்டார். குழி வெட்டியவன் நான் என்பதாலாக இருக்கலாம். மூடுகிறாயா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் துரைக்கு எதிரே நின்று நான் பேசியது அன்றுதான்.

"மூடுறேங்க தொர," என்றேன். "மேடு எறங்குச்சின்னா எங்கள எங்க தோண்டி எடுப்பீங்கன்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் மேட்டைப் பார்த்தார். கானுக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டு நின்ற படத்தைக் கொழும்புக் கந்தோரில் இருக்கும் அவருடைய மேலதிகாரிகளும் பார்த்திருப்பார்கள் என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்கும். "நான் இந்தப் பக்கம் வரல்ல, ஒண்ணும் பாக்கல்ல," என்று தமிழில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். நாட்டை ஆளுகிறவர்களிடமிருந்தும் தோட்டத்தை ஆளுகிறவர்களிடமிருந்தும் எங்களுக்கு இதுவரை கிடைத்த பெரிய உதவி இதுதான்: ஒருவர் பார்க்காமல் போனார்.

ஓடையிலிருந்து கல் சுமந்தோம். காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போவதற்கு முன்னும் இறப்பர் பாலைக் கொடுத்து வந்த பின்னும் வேலை நடந்தது. புகைக்கூட்டின் பழைய தகரங்களைத் தட்டி நிமிர்த்திக் கூரை போட்டோம். சன்னல் வைக்க முடியவில்லை. சாக்குத் தொங்கவிட்டோம்.

கூரை ஏறியதும் தலைவருக்குத் திரும்பவும் பாசம் வந்துவிட்டது. வென்ற கட்சியின் உள்ளூர்க்காரர் ஒருவரைப் புதுக் கல்லோடு கூட்டி வந்தார். "தம்பி, ஒரு சின்னக் குழி வெட்டு. கல்ல நட்டுட்டுப் போயிருவோம்."

"குழி வேணாம் அண்ணே," என்றேன். "வாசல்ல படி இல்ல. அங்க வைக்கலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை. வாசல் நல்ல இடம்தானே, எல்லோர் கண்ணிலும் படும் என்று வந்தவர் சந்தோஷப்பட்டார். படம் எடுத்தார்கள். வாகனம் வளைவில் மறைந்த பிறகு கல்லைப் புரட்டி, எழுத்து கீழே போகும்படி பதித்தேன். எழுத்து உள்ள பக்கம் வழுக்கும். என் மனைவிக்கு முழங்கால் சரியில்லை.

மழை பிடித்த அன்று ஆறு குடும்பமும் அந்த இரண்டு காம்பராவுக்குள் இருந்தோம். கால் நீட்ட இடமில்லை. சாக்கு நனைந்து தண்ணீர் உள்ளே வந்தது. ஓடை பிள்ளைக் காம்பராவை அந்தப் பக்கம் துண்டித்துவிட்டது. மேட்டிலிருந்து ஒரு பகுதி இறங்கி எங்கள் லயத்தின் கடைசி இரண்டு காம்பராவையும் மூடியது. உள்ளே ஆள் இல்லை. கோழிக்கூடும் அதற்கு அடியில் இருந்த கல்லும் போயின.

மறுநாள் தலைவர் குடையோடு வந்து பார்த்துவிட்டு, தான் கட்டித் தந்த வீட்டால்தான் ஆறு குடும்பம் தப்பியது என்று தொலைபேசியில் யாரிடமோ சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுத்துப் பேசும் அளவுக்கு அவர் எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை.

அடுத்த தேர்தலிலும் நான் வாக்குப் போடப் போவேன். நிற்கிறவர்களில் ஒருவர் நல்லவராக இருப்பார் என்பதற்காக அல்ல. இரண்டு காம்பராவுக்குள் ஆறு குடும்பம் காலம் தள்ள முடியாது. சமதரையில் இன்னும் இடம் இருக்கிறது. நாங்கள் வாக்குப் போடுவோம் என்று நம்பும் வரைதான் கல்லோடு வருவார்கள். கல் வைக்கிற அன்று மட்டும்தான் அங்கே மம்பட்டி போட விடுவார்கள். அடுத்த தடவை விடியும் வரை காத்திருக்க மாட்டோம். பந்தல்காரர்கள் வருவதற்குள் ஆறு வீட்டுக்கும் கான் வெட்டி முடிய வேண்டும்.