எடுக்கக் கூடாத அழைப்பு

தொலைபேசி நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்குச் சரியான தீர்வு கிடைக்கவில்லையென்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். அவர் முப்பத்தொன்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஏன் நாற்பது இல்லை என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் என்பதால், விளக்கம் கேட்காமல் நாட்களை மட்டும் எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படி நான் நாள் எண்ணி நடத்திய ஒரு வழக்கின் ஒரே சான்றுப் பொருள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கறுப்பு நிறத்தில் ஒரு பட்டன் போன். எண்கள் தேய்ந்துவிட்டன. ஐந்தின் மேல் இருக்கும் சிறு புள்ளி மட்டும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அது என் அக்காவின் போன்.

அக்கா கந்தர்வக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். அத்தான் காலமாகிப் பல வருடம். மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைப்பது அக்காவின் தொழில். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் தடித்து, ரேகை இருந்த அடையாளமே இல்லை. அவள்தான் அவள் என்று ரேஷன் கடை இயந்திரம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு தீபாவளிக்கு மகள் பெரிய போன் வாங்கி வந்தாள். அக்கா அதன் கண்ணாடியைத் தொட்டாள், தேய்த்தாள், கடைசியில் கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டினாள். அது அசையவில்லை. மகள் தொட்டதும் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"பாத்தியாடா தாசில்தாரு, இது ரேஷன் மிஷினுக்குத் தங்கச்சி போல. இதுக்கும் என்னய ஆளாத் தெரியல" என்று சிரித்தாள். நான் துணை வட்டாட்சியராகத்தான் ஓய்வு பெற்றேன். அக்கா எந்த அரசாணையும் இல்லாமல் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தாள். முகம் பார்த்துப் பேசலாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "மொகத்தப் பாக்கணும்னா பஸ் ஏறி வாடி. இந்தப் பட்டன் போன் நான் அமுக்குனா அமுங்குது. எனக்கு அது போதும்." பெரிய போன் பெட்டியோடு திருப்பூருக்கே திரும்பிப் போனது.

எங்களுக்குள் ஒரு நடைமுறை இருந்தது. வகுத்தவன் நான். தினமும் காலை ஆறு மணிக்கு அக்கா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எழுந்துவிட்டாள், நலமாக இருக்கிறாள் என்று பொருள். நான் எடுக்கக் கூடாது. பேச்சுக்குக் காசு பிடித்த காலத்தில் தொடங்கியது, அந்தக் காலம் போன பிறகும் தொடர்ந்தது. ஒருமுறை கைதவறி எடுத்துவிட்டேன். "எதுக்குடா எடுத்த? யாருக்கு என்ன?" என்று பதறிப்போனாள். எடுத்தால் கெட்ட சேதி என்று அவள் மனதில் ஊன்றிவிட்டது. அதன்பிறகு நான் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு சட்டப் பிரிவின் கீழும் 'எனினும்' என்று தொடங்கும் விதிவிலக்கைத் தேடித் தேடிப் படித்தவன், நானே வகுத்த விதிக்கு ஒரு விதிவிலக்கு எழுதாமல் விட்டேன்.

போன வருடம் அந்த ஊர் டவரில் பழைய கருவியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். பெரிய போன்களில் படம் ஓடியது. அக்காவின் போனில் சிக்னல் செத்துவிட்டது. கண்மாய்க்கரையில் ஏறி நின்றால் மட்டும் பக்கத்து ஊர் டவர் எட்டியது. அவள் பெயரில் புகார் எழுதினேன். 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. எதைத் தீர்த்தார்கள் என்று அதில் இல்லை. மேல்முறையீடு தயாரித்தேன். எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்குப் போகும் வழியும் எனக்குத் தெரியும். தவறு அவர்களுடையது, நாம் ஏன் நகர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, கையெழுத்து வாங்க ஒருநாள் போனேன். ஐப்பசி மழை பிடித்திருந்தது. "இதுல ரேகை வைக்கவா? ஒங்க ஆபீசு ஒத்துக்கிருமா?" என்று கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பேசாம அந்தப் பெரிய போனையே குடுத்துவிடச் சொல்லுடா. வெரலுக்குப் பதிலா மூக்கால தேச்சுக்கிறேன். மழையில கரை வழுக்குது."

நான் சிரிக்கவில்லை. "வேணாங்க்கா. நீ மாறிட்டா கேஸு நிக்காது. பாதிக்கப்பட்ட ஆளு நீதான். பதில் வர்ற வரைக்கும் கரையில நின்னே கால் குடு."

அக்கா பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள். "சரிடா. ஒனக்காகத்தான்" என்றாள். பட்டன் போன் அவள் விருப்பமாக இருந்தது அன்றோடு முடிந்தது. அதன்பிறகு அது என் வழக்கு.

மேல்முறையீட்டின் இருபத்து நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. வழக்கமாக ஒரு மணியோடு நின்றுவிடும்; அன்று நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. ஆறு எட்டுக்கு மறுபடி. ஆறு இருபதுக்கு மறுபடி. சிக்னல் குறைவால் இங்கே மணி அடிப்பது அவளுக்குக் கேட்கவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறாள் என்று முடிவு செய்தேன். விதிப்படி எடுக்கவில்லை. நோட்டை எடுத்து நேரங்களைக் குறித்தேன். நல்ல சான்று கிடைத்தது என்று, சொல்லவே கூசுகிறது, மகிழ்ந்தேன். 'மூன்று முறையும் இணைப்பு முறையாகக் கிடைக்கவில்லை' என்று மேல்முறையீட்டு மனுவுக்குக் கூடுதல் இணைப்பாகத் தட்டச்சு செய்து, பத்து மணிக்குத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன்.

அங்கேதான் போன் வந்தது. அக்காவோடு கொட்டை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பெண். "அண்ணே, அக்கா கரைச் சரிவுல விழுந்து கெடந்தாங்க. தலையில அடி. மழைன்னு அங்கிட்டு யாரும் போகல. எம்புட்டு நேரம் கெடந்தாங்களோ. போனு கையிலதான் இருந்துச்சு. வெரசா வாங்க."

பதிவுத் தபாலுக்கு ரசீது வாங்கிக்கொண்டுதான் நான் வரிசையை விட்டு நகர்ந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அக்காவுக்கு நினைவில்லை. அந்தியில் அடங்கிவிட்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். சேலையோடு சேர்த்து அவள் போனையும் என்னிடம் கொடுத்தார்கள். அழைத்த எண்களின் பட்டியலைத் திறந்தேன். மூன்றும் நான்தான்.

கருமாதி அன்று தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் ஓவென்று அழுதுவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவு: கூடுதல் இணைப்பில் கண்ட மூன்று அழைப்புகளும் பரிசீலிக்கப்பட்டன, மூன்றும் தடையின்றி இணைக்கப்பட்டு முழு நேரமும் ஒலித்துள்ளன, அழைக்கப்பட்டவர் எடுக்கவில்லை, சேவையில் குறைபாடு இல்லாததால் மேல்முறையீடு முடித்து வைக்கப்படுகிறது. இதற்கு மேலும் எங்கே முறையிடலாம் என்று எனக்குத் தெரியும். வந்த எந்தப் பதிலிலும் ஒரு பிழையாவது கண்டுபிடித்துப் பழகியவன் நான். இந்தப் பதிலில் பிழை இல்லை.

அந்தப் போனுக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். காலை ஆறு மணிக்கு அதன் பக்கத்தில் என் போனை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இரண்டுக்கும் அடியில் அந்தக் கடிதம் இருக்கிறது. வந்த தாளின் மூலையில் பெற்ற நாளைக் குறிப்பது அலுவலகப் பழக்கம்; அன்று பந்தலடியில் நின்று குறித்தேன். மேல்முறையீட்டின் முப்பத்தொன்பதாம் நாள். அக்காவின் பதினாறாம் நாள்.