இரட்டையரில் மூத்தவள்

கலியாணமாகி எட்டு வருடங்களுக்குப் பிறகுதான் பிள்ளை வேண்டிக் கொழும்புக்குச் சிகிச்சைக்குப் போனோம். எங்கள் ஊரான உடுவிலில், கணவரின் தாயான மாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் முதுகு வருத்தம் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன்.

"ஊசி போட்டுப் பிறந்த பிள்ளையள் எண்டு சனம் கதைக்கும். ஒருத்தருக்கும் வாய் திறக்காதை, பிள்ளை" என்றார் மாமி.

இரண்டு கருக்களை வைத்தார்கள். இரண்டும் தங்கின. அது தெரிந்த அன்று என் கணவர் நல்லூர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, அலமாரியில் தன் உடுப்புகளை ஓரமாக ஒதுக்கி ஒரு தட்டைக் காலியாக்கினார்.

ஐந்தாம் மாதம் ஸ்கான் செய்த டொக்டர் ஒரு பிள்ளையைச் சட்டென்று பார்த்து முடித்தார். மற்றப் பிள்ளையிடம் வந்ததும் கருவியை வயிற்றில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளையின்ரை இருதயத்திலை குறை இருக்கு. பிறந்தாப் பிறகு ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும்."

"நாங்கள் செய்த வைத்தியத்தாலையோ, டொக்டர்?" என்று கேட்டேன்.

"இப்பிடி உண்டாகிற பிள்ளையளுக்கு, அதுவும் இரட்டையெண்டால், இதுக்குச் சந்தர்ப்பம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் வைத்தியம் செய்யாமல் பிறக்கிற பிள்ளையளுக்கும் வருது. உங்கடை பிள்ளைக்கு ஏன் வந்தது எண்டு ஆராலும் சொல்லேலாது."

வெளியே வந்ததும் கணவர், "இதை முதலே ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

"சொன்னவை. நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கேட்டனாங்கள்."

அவர் ஸ்கான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கேட்டிட்டும் செய்தனாங்கள், என்ன?"

"ஓம். இன்னொருக்காச் சொன்னாலும் செய்திருப்பம்."

எட்டாம் மாதமே பிறந்துவிட்டார்கள். முதலில் மகள், பின்னால் மகன். மகளின் உதடுகள் நாவற்பழம் தின்றவை போல் இருந்தன. அவளை அம்புலன்சில் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். கணவர் கூடப் போனார். நான் மகனோடு யாழ்ப்பாணத்து வார்ட்டில் கிடந்தேன். ஒப்பரேசனுக்கு நாள் குறிக்கும் முன்பே அவள் போய்விட்டாள். ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, என்னிடம் காட்டாமலே புதைத்தார்கள். "பச்சை உடம்புக்காரி பார்க்கக்கூடாது" என்று மாமி சொல்லிவிட்டாராம்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் சனம் பிள்ளை பார்க்க வந்தது. அளவெட்டியிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரி ஒருவர் மகனை மடியில் வாங்கி, "தலைப்பிள்ளை, என்ன?" என்றார்.

"ஓம், தலைப்பிள்ளை" என்றார் மாமி.

"இல்லை" என்றேன். "இவனுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தவள். ரெண்டு பேரும் கொழும்பிலை வைத்தியம் செய்து உண்டான பிள்ளையள். அவள் இருதயத்திலை குறையோடை பிறந்து செத்துப்போனாள்."

மாமி எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த அம்மா மகனை அணைத்தபடி, "ஆரைப் போலை இருந்தவள், பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கண்டது அந்த உதடுகளை மட்டும்தான். மீதி முகத்தையெல்லாம் குழாயும் பிளாஸ்டரும் மூடியிருந்தன.

வாசலில் நின்ற கணவர், "இவவைப் போலை" என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். "நாடி அப்பிடியே இவவின்ரை நாடி." புதைத்துவிட்டு வந்த பிறகு அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மாமி அதன் பிறகு நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தியச் சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் என் கட்டிலடிக்கு வந்தது.