பச்சை மாதாவும் நீல மாதாவும்

2007 டிசம்பர் முதல் வாரம், அடை மழை. இந்த நேரத்தில் யாராவது விருத்தாசலம் போவார்களா? நான் போனேன். கல்லூரித் தோழி ஸ்டெல்லா போனில் அழுததுதான் காரணம். கணவர் இறந்தபின் அவள் தனியாக நடத்தும் பீங்கான் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை, பங்குக் கோயிலுக்கு இரண்டடி மாதா சுரூபம். நீலப் போர்வை கேட்டிருந்தார்கள். சூளையிலிருந்து வந்ததோ பச்சைப் போர்வை. நல்லவேளை, உடைந்தால் ஆகுமென்று அச்சில் இரண்டு வார்த்திருந்தாள். இரண்டாவதும் கெட்டால் இனி யார் வேலை கொடுப்பார்கள்?

விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சர், சுமார் 55 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ முப்பது ரூபாய். மழைக்காலத்தில் இந்த ஊர்ப் பீங்கான் பொம்மை வாங்க வந்த முதல் ஆள் நான்தான் என்று ஆட்டோக்காரர் கிண்டலடித்தார்.

பட்டறையில் ஸ்டெல்லா குற்றவாளியைக் காட்டினாள். ஒரு மூட்டை பொட்டாசியம் கார்பனேட். அடுப்புச் சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சினால் மிஞ்சும் வெள்ளை உப்பு பெரும்பாலும் இதுதான். சோப்புக்கும் கண்ணாடிக்கும்கூடப் போகிறது. இங்கே மணலோடு உருக்கி அரைத்து, பீங்கான்மேல் பூசும் கிளேஸில் சேர்க்கிறார்கள். இது போதுமான அளவு இருந்தால்தான் நிறத்துக்காகச் சேர்க்கும் செம்பு நீலம் காட்டும், குறைந்தால் பச்சைக்குத் திரும்பிவிடும். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் சாமான் இது. அரிசி மூட்டை மாதிரி வாயைச் சணலால் கட்டி வைத்திருக்கிறாள் மகராசி! மழையில் பொடியோடு தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறாள், பொடி குறைந்துவிட்டது.

இந்த முறை பொடியை வாணலியில் வறுத்து, சூட்டோடு எடை போட்டாளாம்; இரண்டாவது மாதா சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தார். "கொழுக்கட்டைக்கு மாவு வறுக்கறேன்னு நெனச்சு பக்கத்து வூட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்கடி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. சூளை ஓரத்தில் பச்சை மாதா நின்றிருந்தார், முன்னால் ஒரு மெழுகுவர்த்தி.

மூன்று மணிக்குச் சூளையைத் திறந்தாள். நீலம்! நல்ல மயில் கழுத்து நீலம். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. மாலையில் கோயில்காரர்கள் போர்வை சுற்றிச் சுரூபத்தை வேனில் ஏற்றிப் போனார்கள்.

போகிறவர்களுக்கு: பழமலைநாதர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். இந்தப் பொடியை வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள், எரியும்.

கிளம்பும்போது, பச்சை மாதாவை எனக்குத் தருவாயா என்று கேட்டேன். ஸ்டெல்லா முகம் மாறிவிட்டது.

"இவங்கள மட்டும் கேக்காதடி. நீலமா வரணும்னு நான் வேண்டிக்கிட்டதே இவங்ககிட்டதான்."