ஜீப்பு ஏறிய ஐம்பத்திரண்டு முட்டைகள்

சிலமலை பாண்டியம்மாளுக்கு ஊர்க்காரர்களின் முகத்தைவிடக் கோழிகளின் முகம் நன்றாகத் தெரியும். தெருவில் எதிரே வருகிறவர் தூரத்துச் சொந்தமா, மேலத்தெருவா என்று ஒரு நிமிசம் தடுமாறுவாள். ஆனால் குப்பைமேட்டில் மேயும் நூறு கோழியில் தன்னுடையது எது, அது எந்தச் சேவலுக்குப் பிறந்தது, அதன் தாய் மாசத்துக்கு எத்தனை முட்டை விட்டது என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவாள். வயது நாற்பத்து நாலு. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

புருசன் பெரியகருப்பன் ஒன்றரை ஏக்கரில் மொச்சையும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவார். இவள் விடியக்காலை ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவாள். சாயங்காலம் இறங்கினால் கோழிதான் உலகம்.

சாதாரணமாகக் கோழி வளர்க்கிறவளும் இல்லை அவள். முட்டை நிறைய விடுகிற கோழி கறிக்கு ஆகாது, எலும்புதான் இருக்கும். எடை போடுகிற கோழி முட்டை விடுவதற்கு நல்ல நாள் பார்க்கும். இரண்டும் ஒரே உடம்பில் வேண்டும் என்று ஆறு வருசத்துக்கு முன்னால் பாண்டியம்மாள் கங்கணம் கட்டிக்கொண்டாள். ராசிங்காபுரத்திலிருந்து நெஞ்சு அகன்ற ஒரு செவலைச் சேவலை வாங்கிவந்து, தன்னிடமிருந்த சின்ன உடம்புக் கோழிகளில் கெட்டிக்காரிகளாகப் பார்த்து ஜோடி சேர்த்தாள். பிறந்த குஞ்சுகளில் மந்தமானவை குழம்புக்குப் போயின. சுறுசுறுப்பானவை அடுத்த தலைமுறைக்குத் தாயாயின. நாலு தலைமுறை தாண்டியதும் நினைத்தது வாய்த்தது. கோழி ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையும் விட்டது.

ஒரே ஒரு வில்லங்கம். முட்டை விடுகிற மும்முரத்தில் அந்தக் கோழிகள் அடை உட்காரவே மறந்துபோயின. முட்டையை விட்டதும் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு மேயப் போய்விடும்.

"நீ வளத்த லட்சணம் அப்படி" என்றார் பெரியகருப்பன். சொன்னாரே தவிர, மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு குண்டு பல்பை மாட்டி, தண்ணீர்க் கிண்ணமும் வெப்பமானியும் வைத்து, அவரே ஓர் அடைப்பெட்டி செய்து கொடுத்தார். பாண்டியம்மாள் அதற்குள் அறுபது முட்டை வைத்தாள். தினம் மூன்று தடவை புரட்டிவிட்டாள். ஏழாம் நாள் செல்போன் லைட்டை அடித்துப் பார்த்து, உள்ளே சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்பு ஓடாத எட்டைக் கழித்தாள். மீதி ஐம்பத்திரண்டு.

இருபதாம் நாள் விடியும்போது ஆவணிக் காற்று ஒரு பூவரச மரத்தைக் கரண்டு கம்பிமேல் சாய்த்தது. பெட்டிக்குள் பல்பு அணைந்தது. பார்க்க வந்த லைன்மேன் உதட்டைப் பிதுக்கினார். "கம்பம் ரெண்டு முறிஞ்சு கெடக்குக்கா. நாளைச் சாயங்காலம்னு வச்சுக்கங்க."

பாண்டியம்மாள் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஓட்டுக்குள்ளிருந்தே கீச், கீச் என்று சத்தம். இரண்டு மூன்று முட்டையில் ஓடு விரிசலும் விட்டிருந்தது.

"வெந்நியப் பாட்டில்ல ஊத்தி வைப்பமா?" என்றார் பெரியகருப்பன்.

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் வெந்நி வச்சுக்கிட்டே இருப்பீகளா?"

அப்போதுதான் அவளுக்குத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோர் ஞாபகம் வந்தது. பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். விறகில் எரிகிற அடுப்பு, கரண்டு போனாலும் அணையாது. காய் உலர்த்தும் அறையில் சூடு தாங்காது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன நடை உண்டு. மழையில் நனைந்த சேலையை அங்கேதான் காயப்போடுவார்கள். அந்த இடத்தின் சூடு கோழி வயிற்றுச் சூடு மாதிரியே இருக்கும்.

அதற்குள் ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டிரைவர் காசிராஜன் பெட்டியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பெண்கள் புளிமூட்டையாக அடைந்திருந்தார்கள்.

"எங்கக்கா வைக்கிறது? மேல கட்டுனா காத்து கொண்டுபோயி கேரளாவுல போட்ரும்."

பாண்டியம்மாள் ஜீப்புக்குள் தலையை நீட்டினாள். "ஆளுக்கு நாலு முட்டை. மடியில, நெஞ்சுல, எங்கன சூடு இருக்கோ அங்கன வச்சுக்கங்கடி. மெட்டு வரைக்கும்தான்!"

ஜெயபாக்கியம்தான் முதலில் கையை நீட்டினாள். ஜீப்பிலேயே பெரிய உடம்பு அவளுக்கு. "எனக்கு ஆறாக் குடு. இடமா இல்ல?"

அவ்வளவுதான், ஜீப்பே குலுங்கியது. சேலைக்கு மேல் மாட்டியிருந்த ஆம்பளைச் சட்டைகளின் பித்தான்கள் அவிழ்ந்தன. தலைத்துண்டில் சுற்றி முட்டைகள் உள்ளே போயின. காசிராஜன் வெட்கப்பட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முந்தல் செக்போஸ்டில் காவலாளி ஜீப்புக்குள் எட்டிப்பார்த்தார். தினமும் சந்தைக்கடைச் சத்தத்தோடு வருகிற வண்டி அது. இன்றைக்குப் பதின்மூன்று பெண்களும் நெஞ்சோடு கையைக் கட்டிக்கொண்டு, விறைப்பாக, வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார்கள். "என்னப்பா, யாரும் தவறிட்டாகளா?" என்று காசிராஜனிடம் மெல்லக் கேட்டார். வண்டி நகர்ந்து முதல் வளைவு திரும்பியதும் அடக்கிய சிரிப்பெல்லாம் வெடித்தது.

"சிரிக்காதீகடி, முட்டை!" என்று கத்திய பாண்டியம்மாளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

ஒன்பதாம் வளைவில் காசிராஜன் பிரேக் போட்டார். எதிரே ஜல்லி லோடு. ஜாக்குலின், ஜீப்பில் எல்லோருக்கும் இளையவள், முன்னால் போய் முட்டிக்கொண்டாள். அவள் முட்டையில் ஒன்று நொறுங்கியது. முழுசாக வளர்ந்த குஞ்சு, கண் திறக்காமலே கிடந்தது. "ஐயோ அக்கா, நான் வேணும்னு செய்யல" என்று அவள் தேம்பினாள். பாண்டியம்மாள் அந்தக் குஞ்சை வாங்கித் தன் துண்டில் சுருட்டி வைத்தாள். "ஒம்மேல என்ன தப்பு, அழுகாத" என்றாள். ஜீப்பு மேலே ஏறியது.

பதினாலாம் வளைவில் ஜெயபாக்கியம் "ஆத்தாடி!" என்று அலறினாள். "என்னமோ கொத்துது! உள்ள கொத்துதுடி!"

சட்டைக்குள் கையை விட்டு அவள் வெளியே எடுத்தபோது, ஈரமாய், நூல்கண்டு பிரிந்தது மாதிரி ஒரு குஞ்சு அவள் உள்ளங்கையில் தலையைத் தூக்கப் பார்த்துத் தொப்பென்று விழுந்தது. ஜாக்குலின் கண்ணைத் துடைத்துக்கொண்டே குலவையிட்டாள். மற்றப் பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். காசிராஜன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடிவந்தார். "காட்டுங்கக்கா, எனக்கும் காட்டுங்க!"

ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவர் தவசி. விசயம் கேட்டதும் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். "மதினி, ஏலக்காயில கோழி வாடை அடிச்சா மொதலாளி என்னைய உரிச்சுருவாரு."

"காய் இருக்குற ரூமுக்குள்ளயா வைக்கப்போறேன்? நடையிலதான. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பாத்துக்கிட்டா போதும்."

அவர் பதில் சொல்வதற்குள் பெண்கள் வரிசையாக உள்ளே போய் முட்டைகளைச் சாக்கில் அடுக்கிவிட்டார்கள். வெப்பமானி முப்பத்தெட்டில் நின்றது. பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்துவிட்டுப் பாண்டியம்மாள் காய் எடுக்கப் போனாள். மனசு முழுக்க ஸ்டோரில் இருந்தது. கை தன் பாட்டுக்குக் காயைத் தேடியது.

பத்து மணிக்குச் சரிவின் மேலிருந்து தவசியின் குரல் வந்தது. "மதினீ! அஞ்சு!"

கீழே ஏலச்செடிக்குள்ளிருந்து குலவை எழும்பியது. அரைமணி கழித்து, "ஒம்போது!" மறுபடி குலவை. காலையில் வாசலை மறித்தவர் இப்போது அடுப்புக்கு விறகு தள்ளுவதும் நடைக்கு ஓடுவதும் வெளியே வந்து கத்துவதுமாக இருந்தார். "பதினேழு! ஒண்ணு கருப்பு, கன்னங்கரேல்னு!" செடிக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. குலவை மட்டும் மலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் முளைத்தது.

மேனேஜர் ஐசக் பைக்கில் வந்து இறங்கினார். "என்ன இது, கோயில் திருவிழாவா? வேலை நடக்குதா இல்லியா?" சத்தம் வந்த வழியே ஸ்டோருக்குப் போனார். போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. அடுத்த அறிவிப்பு அவர் குரலில் வந்தது. "இருபத்து நாலூ!"

அன்றைக்கு எடை போட்டபோது எல்லோருக்கும் காய் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. அது எப்படி என்று ஐசக்குக்குக் கடைசிவரை புரியவில்லை.

மீதி முட்டைகளில் நாலைத் தவிர எல்லாம் மறுநாள் மத்தியானத்துக்குள் பொரித்தன. மொத்தம் நாற்பத்தேழு. ஏலக்காய்ப் பெட்டியில் சாக்கு விரித்துக் கீழே கொண்டுவந்தபோது குஞ்சுகள் மேலெல்லாம் பாயச வாசம். பெரியகருப்பன் ஒன்றை எடுத்து முகர்ந்துபார்த்துவிட்டு, "இதக் கொழம்பு வைக்க மனசு வராதே" என்றார்.

ஜீப்புப் பெண்கள் சும்மா விடுவார்களா? "என் நெஞ்சுல இருந்தது எது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாம் கலந்துபோச்சு என்று பாண்டியம்மாள் சொல்லியும் கேட்கவில்லை. தலைக்கு மூன்று கொடுத்தாள். ஜெயபாக்கியம் மட்டும் ஜீப்பில் பிறந்ததை விடாப்பிடியாக வாங்கிக்கொண்டாள். அது பெட்டையாகி, தை மாசத்தில் முட்டை விட ஆரம்பித்து, ஒருநாள் யாரும் சொல்லாமலே அடையும் உட்கார்ந்தது.

செய்தி கேட்டு நாலு தெரு தாண்டி ஓடிப்போனாள் பாண்டியம்மாள். கூடைக்குள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கோழி, அவள் கையை நீட்டியதும் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஜெயபாக்கியம் வீட்டுக்குத் தெருவே கூடிவிட்டது.