பலகையில் வைத்த கத்தி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் கோர்ட் குமாஸ்தா. குற்றாலத்தில் சீசன் கடை போட்டுக் கத்தி விற்றவர் ஒரு வழக்கில் சாட்சியாக வந்தார். கஞ்சி போட்ட சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. அவரிடம் மடக்குக் கத்தி வாங்கிய பன்னிரண்டு வயதுப் பையன், அருவியில் இடம் பிடிக்கும் சண்டையில் கூடப் படிப்பவனின் கையைக் கிழித்துவிட்டான். கிழிபட்டவனுக்கு இரண்டு விரல்கள் மடங்காமலே போயின.

துப்பாக்கி வாங்குபவனின் வயதைச் சட்டம் கேட்டது. கத்தி வாங்குபவனின் வயதைக் கேட்கவில்லை. ஆகவே விற்றவர் குற்றவாளி அல்ல, மரியாதைக்குரிய சாட்சி.

வராந்தாவில் அவரிடம் கேட்டேன். "சின்னப் பயலுக்கு எப்படிவே கத்தியக் குடுத்தீரு?"

அவர் பதறினார். "அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி. கத்திய நான் யாருக்கும் கையில குடுக்க மாட்டேன். கைக்குக் கை குடுத்தா குடுத்தவனுக்கும் வாங்குனவனுக்கும் சண்ட வந்துருமுல்லா? பலகையிலதான் வச்சேன்."

"சின்னப் பயன்னு தெரியலையோ?"

"தெரிஞ்சுதே! அதாம் ரெண்டு தடவ சொன்னேன், கைய நீட்டாதலே, பலகையில இருந்து எடுன்னு."

பொய் சொல்லும் சாட்சியை என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது. இவர் பொய் சொல்லவில்லை. தன்னால் ஆன முன்ஜாக்கிரதையெல்லாம் எடுத்ததாகவே நம்பினார்.

சாட்சி சொல்லி இறங்கியவர், வெளியே தாயோடு நின்ற கிழிபட்ட பையனின் கையைத் தூக்கிப் பார்த்து, "பாவம், நேரம் சரியில்ல" என்றார். அந்தத் தாய் அவரைக் கும்பிட்டாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.