அணைக்காத பெட்டி

ஸ்டெபிலைசர் பட்டறையில் அவளை ஈயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருஷமாக ஈயம் பற்றவைக்கிற மேசையிலேயே உட்கார்ந்திருந்ததில், எதை முகர்ந்தாலும் அவளுக்கு ஈயப்புகைதான் வீசும். சோப்பு மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் அவளும் தம்பியும். அவன் ஒரு காலத்தில் மின்சார மீட்டர் குறித்துக்கொண்டு போகிற வேலையில் இருந்தவன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான், செருப்பைக் கதவுக்கு உள்பக்கமாகக் கழற்றினான், அதோடு சரி, அப்புறம் வாசல் தாண்டவில்லை. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. காரணம் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பான். தெருவில் மூன்று காரணம் சொன்னார்கள், மூன்றும் பொய். ஒன்றுமே நடக்காமலும் ஒரு மனிதன் உட்கார்ந்துவிடலாம். அதை யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு தடவை மாடிவீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, அவனைத் தூக்கிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டப் பார்த்தாள். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள், இரண்டு விரல் ஒடிந்ததே தவிர பிடி விடவில்லை. அன்றைக்கு அவன் தலையில் கைவைத்துச் சொன்னாள்: இனிமேல் உன்னை யாரும் தூக்க மாட்டார்கள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள்.

அவன் உயிரெல்லாம் ஒரு வீடியோ கேம் பெட்டியில் இருந்தது. பழைய பெட்டி. முன்பக்கம் மூடியைத் தூக்கிக் கேசட்டைச் செருக வேண்டும். வெள்ளையாக வந்தது, இப்போது பழைய பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. அவனிடம் ஒரே ஒரு கேசட்தான். கையில் விளக்கு வைத்திருக்கிற ஒரு குட்டி மனிதன், தொண்ணூற்றொன்பது தளம் உள்ள கிணற்றுக்குள் ஒவ்வொரு தளமாக இறங்குவான். செத்தால் மறுபடி முதல் தளம். விட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொள்கிற வசதியெல்லாம் அந்தக் காலத்துக் கேசட்டில் கிடையாது. பெட்டியை அணைத்தால் எல்லாம் போச்சு. அதனால் அணைப்பதே இல்லை. தூங்கப் போகும்போது ஆட்டத்தை நிறுத்தி வைப்பான். குட்டி மனிதன் விளக்கோடு அப்படியே நிற்பான். அவன் செத்து, ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிற இடைவெளியில்தான் பெட்டிக்கு ஓய்வு. ஈயக்காவுக்கு வேலையும் அப்போதுதான்.

ஸ்க்ரூவைக் கழற்றுவாள். கேசட்டின் செம்புப் பட்டைகளை அழிரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பாள். கேசட் போய் உட்கார்கிற பல்வரிசையைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைப்பாள். பொத்தான் அழுந்தவில்லை என்றால் அடியில் இருக்கிற கறுப்பு ரப்பரில் பென்சிலால் நாலு தீற்று தீற்றுவாள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அதை மாற்றுவாள். மின்சாரம் போனால் பெட்டி அணைந்துவிடக் கூடாது என்று பட்டறைக் கழிவில் இருந்து ஒரு பேட்டரி இணைப்பும் அவளே செய்து பின்னால் வைத்திருந்தாள். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு தளம்கூட அவளுக்கு இறங்கத் தெரியாது. பெட்டிக்கு உள்ளே இருப்பது அவளுக்கு, திரையில் இருப்பது அவனுக்கு. அப்படிப் பிரித்துக்கொண்டார்கள்.

"ஈயக்கா, தம்பிக்குப் பொண்ணு பாக்குறதுக்குப் பதிலா பெட்டிக்கு மாப்பிள்ளை பாருங்க," என்பான் பட்டறையில் தகரம் வளைக்கிறவன்.

"உன்னத் தவிர யாரா இருந்தாலும் சரி. நீ வளைச்ச தகரமே நேரா நிக்க மாட்டேங்குது," என்பாள் இவள்.

சிரிப்பாள். ஆனால் பெட்டி ஓடுகிறவரைக்கும் தம்பி சாப்பிடுவான், குளிப்பான், இரண்டு வார்த்தை பேசுவான். அது ஒருதரம் நாலு நாள் படுத்தபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

நடந்தது ஒரு திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்தவள் தம்பி நடந்து போன இடமெல்லாம் தரையில் ஈரமாகப் பொட்டுப் பொட்டாக இருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. காலைத் தூக்கச் சொன்னாள். வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு துளை, சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது. ஏழு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவன். காலில் என்ன குத்தினாலும் உறைக்காது. புருவம் பிடுங்குகிற இடுக்கியால் மெல்லத் துழாவினாள். நகத்தளவு நீளத்தில் ஒரு கம்பித்துண்டு வந்தது. ஒரு முனை சாய்வாக வெட்டியிருந்தது, மறுமுனையில் ஈயப் பூச்சு.

அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கெப்பாசிட்டரைப் பற்றவைத்தபிறகு மீந்து நிற்கிற கம்பிக்காலை அவள் இடதுகைக் கட்டரால் சாய்வாகத்தான் வெட்டுவாள். போன தடவை வெட்டியபோது ஒன்று தெறித்துப் பாய்க்கு அடியில் போயிருக்கிறது. பட்டறையில் இப்படித் தெறிக்கக் கூடாது என்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறவள், வீட்டில் அவசரப்பட்டிருக்கிறாள்.

"என்னக்கா அது?"

"கம்பி."

"எங்கருந்து?"

"எங்கருந்தோ. எந்திரி, ஆஸ்பத்திரி போலாம்."

"எழுபத்தியொண்ணுல இருக்கேன்க்கா." திரையைக் காட்டினான். "இதுவரைக்கும் எம்பத்திமூணத் தாண்டுனதில்ல. இந்தத் தடவ முடிஞ்சிரும்னு கை சொல்லுது. மூணு நாள் குடு. முடிச்சதும் நானே வரேன்."

"நீயே வருவியா?"

"செருப்பு மாட்டிட்டு, நானே நடந்து வரேன். உம்மேல சத்தியமா."

பதினெட்டு வருஷத்தில் அவன் வாயில் வராத வார்த்தை அது. அந்த வார்த்தைக்கு அவள் மயங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் சொல்லட்டும், அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். கூடவே கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வையும் கொடுத்தார்.

"ஏம்மா, சர்க்கரைக் காலுக்கு நான் மாத்திரை குடுக்கலாம், பதில் குடுக்க முடியாது. கூட்டிட்டுப் போ."

"மூணு நாள் அண்ணே. வரேன்னு சொல்லிட்டான்."

"யாரு, ஜன்னல்காரனா?" ஜன்னல் வழியாக மட்டுமே அவனைப் பார்த்ததில், தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். "நாள் குறிச்சா சொன்னான்? புண்ணுக்கு அந்தத் தேதி தெரியுமாமா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் கிளம்புகிற நேரத்தில் உள்ளேயிருந்து "அக்கா!" என்று ஒரு குரல். ஓடினாள். திரை அலை அலையாக நெளிந்தது. ஒலிபெருக்கியில் வண்டு பறக்கிற மாதிரி இரைச்சல். குட்டி மனிதன் எண்பத்தெட்டாம் தளத்தில் துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தான். பெட்டியின் மேல் கை வைத்தாள், சுட்டது. பெரிய கெப்பாசிட்டர் போகிறது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

தம்பியின் காலைப் பார்த்தாள். பெருவிரல் நுனி கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது.

ஒன்றும் செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். பெட்டி தானாகச் சாகும். அவன் அழுவான், ஆனால் ஆட்டம் என்று ஒன்று இருக்காது. இது அவள் மனசில் வராமல் இல்லை, வந்தது. வந்து நின்றது.

"அக்கா, அணைக்காம சரிபண்ண முடியுமா? யாராலயும் முடியாதுல்ல?"

அவன் கேட்டது பயத்தில். அவள் காதில் விழுந்தது வேறு மாதிரி. யாராலும் முடியாதா? இருபத்தாறு வருஷம் எதற்கு உட்கார்ந்திருக்கிறாளாம்? போதாததற்கு அந்தக் கம்பி வேறு அவள் கட்டர் வெட்டிய கம்பி. அவனிடமிருந்து காலையும் எடுத்து ஆட்டத்தையும் எடுப்பதா என்று ஒரு எண்ணம். பிடிவாதமும் குற்றமனசும் சேர்ந்தால் கை நிற்காது.

பெட்டியை, கேசட் அசையாமல், குழந்தையைப் புரட்டுகிற மாதிரி ஒருக்களித்து வைத்து அடி மூடியைக் கழற்றினாள். உள்ளே கெப்பாசிட்டரின் தலை உப்பி, காலடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. ஓடுகிற பெட்டியில் பழையதைப் பிடுங்க முடியாது; அதன் தோள்மேல் புதியதை ஏற்றிப் பற்றவைக்க வேண்டும். அதிலும் ஒரு கண்டம். புதுக் கெப்பாசிட்டர் காலிக் குடம் மாதிரி. தொட்ட நொடியில் ஒரே மடக்காக மின்சாரத்தை இழுக்கும், பெட்டி மயங்கிவிடும். அதனால் அதை முதலில் ஒரு சின்னப் பேட்டரியில் வைத்து நிரப்பிக்கொண்டாள். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயனிலும் மின்சாரம் கசியும் என்று, சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அது ஆறுவதற்குள் இரண்டே தொடல். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு.

இரைச்சல் நின்றது. குட்டி மனிதன் அசையாமல், பளிச்சென்று நின்றான்.

"அக்கா, நீ மனுஷியே இல்ல!" என்றான் தம்பி, கண்ணில் தண்ணீரோடு.

மீந்த கம்பியை விரலால் அழுத்திப் பிடித்து வெட்டி, எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அன்றைக்குப் பட்டறையில் தகரக்காரனிடம் அதைச் சொன்னபோது அவன் வாயைப் பிளந்தான். ஓடுகிற பெட்டியிலா, ஓடுகிற பெட்டியிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் இரண்டு தடவை சொன்னாள். உள்ளதைச் சொன்னால், அந்த வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கேட்டாள். "எத்தனை?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்ப நாளைக்கு முடிஞ்சிரும்."

"ஆமாக்கா."

சனிக்கிழமை சாயங்காலமும் தொண்ணூற்றெட்டு என்றான். கஷ்டமான தளம் போலிருக்கிறது என்று நினைத்தாள். உடம்பு தொட்டால் சுட்டது. மாத்திரை கொடுத்தாள். கால் கட்டை அவிழ்க்க விடவில்லை, "முடியட்டும்க்கா" என்றான். அறையில் ஒரு வாடை இருந்தது. இருந்திருக்க வேண்டும். ஈயத்தைத் தவிர வேறெதுவும் ஏறாத மூக்கு அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. கதவோரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடைத் துணி முடிந்தது. அப்போதுதான் பட்டது, பொத்தான் சத்தமே கேட்கவில்லை. அவள் பென்சில் தீற்றிய பொத்தான்கள், ஒவ்வொன்றின் சத்தமும் அவளுக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பார்த்தாள். குட்டி மனிதன் விளக்கோடு படிக்கட்டுக்கு முன்னால் நின்றிருந்தான். சுற்றிலும் ஒரு எதிரி இல்லை, ஒரு தடை இல்லை. படி திறந்து கிடந்தது. தம்பி இரண்டு கையாலும் பொத்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான்கள்மேல் தூசி படிந்திருந்தது.

"எவ்ளோ நேரமா இப்பிடி நிக்கிது?"

அவன் பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"உன்னத்தான் கேக்குறேன். எப்பருந்து?"

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துலருந்து."

"அப்ப இறங்க வேண்டியதுதானே? படி தொறந்துதான இருக்கு?"

"இறங்கிட்டா முடிஞ்சிரும்க்கா," என்றான். "முடிஞ்சிட்டா நான் வெளிய வரணும்."

இரண்டு நாளாக அவள் காத்திருந்தது ஆட்டம் முடிவதற்கு. அவன் காத்திருந்தது அது முடியாமல் இருப்பதற்கு. அதற்கு வேண்டிய மின்சாரத்தை நிரப்பிக் கொடுத்தவள் அவளே.

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். முதலில் பேட்டரி இணைப்பு, அப்புறம் பிளக். இரண்டையும் பிடுங்கினாள். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "சரி," என்றான்.

செருப்பு வலது காலில் நுழையவில்லை. துணியைச் சுற்றினாள். படிக்கட்டுக் கம்பி வந்தபோது அவன் கை அதன்மேல் போனது, தாங்கிக்கொள்ளத்தான் பிடித்தான். தெருவில் இறங்கியதும் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்தபடியே வண்டிவரைக்கும் வந்தான். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டை அவிழ்த்ததும் அவள் முகம் மாறியது.

"எப்பருந்தும்மா இப்படி இருக்கு?"

சொன்னாள். கம்பியைச் சொன்னாள், மாத்திரையைச் சொன்னாள், வியாழக்கிழமை விரல் நுனி நிறம் மாறியதைச் சொன்னாள். பெட்டியைச் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா. இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இல்லன்னா ஆளே இல்ல."

காகிதத்தை நீட்டினார்கள். உறவு என்ற இடத்தில் அக்கா என்று சொன்னாள், நர்ஸ் எழுதிக்கொண்டாள். இவள் கையெழுத்துப் போட்டாள். கட்டர் பிடித்த அதே கை.

மூன்றாம் நாள் அவன் நன்றாகக் கண் விழித்தான். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். ஈயக்கா தண்ணீரைப் புகட்டிவிட்டு, கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாள்.

"அணைச்சதுக்கு எம்மேல கோவமாடா?"

தம்பி மேல்கூரையைப் பார்த்தான். அவனுக்கு அவளிடம் பொய் சொல்லி வழக்கம் இல்லை, அந்த இரண்டு நாளைத் தவிர.

"அணைச்சதுக்கு இல்லக்கா," என்றான். "வியாழக்கிழமை சரிபண்ணியே, அதுக்குத்தான்."

அவள் தலையாட்டினாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். குளிர்கிறதா என்று கேட்டு, போர்வையை இழுத்து அவன் இடுப்புவரைக்கும் விட்டாள். ஒரு பக்கம் பாதம்வரைக்கும் மேடாகப் போனது. இன்னொரு பக்கம் பாதியிலேயே படுத்துக்கொண்டது. அவள் அந்தப் பக்கத்தைத் தட்டித் தட்டிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.