கொச்சியா, ஐதராபாத்தா?

அரையாண்டு விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போவது என்று அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. என் அக்கா பந்தல்குடியில் ஓவிய ஆசிரியை. சர்க்கரை நோயால் அவளுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. நானோ சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவள்.

“கொச்சிக்குப் போவோம்டி. தெருவுக்குத் தெரு ஓவியக் கூடம் இருக்காம். பார்வை இருக்கும்போதே ஒருக்கா பாத்துக்கிடுறேன்” என்றாள்.

“அரைக் கண்ண வச்சுக்கிட்டு என்னத்தப் பாக்கப் போற? ஐதராபாத் போவோம். நானாச்சும் பிரியாணி திம்பேன்” என்றேன்.

சொல்லும்போதே அது கொடுமை என்று எனக்குத் தெரியும். முகத்தருகே பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்த செல்போனை அவள் மெல்ல மடியில் வைத்தாள்.

“சரி, டிக்கெட் போடு.”

போட்டேன். அங்கே மூன்று நாளும் கடை கடையாக நான் சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த டிசம்பருக்குள் அந்தக் கண்ணும் போனது. மனசு கேட்காமல் அவளைக் கொச்சிக்கு அழைத்துப் போனேன். ஒரு பெரிய ஓவியத்தின் முன் நிறுத்தினேன்.

“என்ன வரைஞ்சிருக்காக?” என்று கேட்டாள்.

“எல்லாம் செவப்பா இருக்குக்கா.”

“எந்தச் செவப்பு? செங்கல்லா, மொளகா வத்தலா, ரத்தமா?”

எனக்கு எல்லாச் சிவப்பும் ஒன்றுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி. வா, சாப்பிடப் போவோம். ஒனக்கு அதுதான தெரியும்.”

அன்று மீன் குழம்பு மிக நன்றாக இருந்தது. அதை நான் ரசித்து, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.